எல்லாம் ஒரே செக்குதானா, தாயி?

1998ஆம் வருஷம் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு என்று தெரியவர எனக்கு 25 வருஷம் ஆனது. அதற்குள் பணி ஓய்வும் பெற்றுவிட்டேன், அந்த ஊரை விட்டும் வந்துவிட்டேன். பெரியவரின் முகம் மட்டும் போகவில்லை.

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் எங்கள் கிளை. கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. ஆளுயரத்துக்கு அடுக்கிய லெட்ஜர்களுக்கு நடுவில் சேமிப்புக் கணக்குக் கவுன்டரில் நான் இருந்தேன். செக்கை நீட்டினால் பித்தளை டோக்கன் ஒன்று தருவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். லெட்ஜரைப் பார்த்து, கையெழுத்து கார்டைப் பார்த்து, ஆபீசர் பாஸ் பண்ணிய பிறகு காசாளர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவர் டோக்கனுக்குக் காத்திருந்தவர் அல்ல. வெளியூர் ஆலை ஒன்று கரும்புக்குக் கொடுத்த செக்கைக் கணக்கில் போட்டுவிட்டு மூன்று வாரமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் சொன்னது ஒன்றுதான்: "கலெக்‌ஷனுக்குப் போயிருக்குங்கய்யா. பணம் இன்னும் வரலை."

அன்றைக்கும் அதையே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கவுன்டர் கம்பியைப் பிடித்தபடி, ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி மெதுவாகப் பேசினார். "ஊருக்கு மேக்கால ஓடையில செக் டேம் கட்டியிருக்காக. தண்ணி அங்கன நிக்குது. தக்காளிய ஏத்திக்கிட்டு மலையேறுனா செக்போஸ்ட்டுல வண்டி நிக்குது. இங்க செக்கக் குடுத்தா பணம் நிக்குது. எல்லாம் ஒரே செக்குதானா, தாயி?"

பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பும் வந்தது. "இல்லைங்கய்யா. அந்தச் செக் வேற, இந்தச் செக் வேற. ஸ்பெல்லிங்கே வேற" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "கேக்குறப்ப ஒண்ணாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் பணம் வந்தது.

அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் சொன்ன மூன்று வாக்கியங்களிலும் ஒரே வினைச்சொல் இருந்தது. தண்ணீர் நிற்கிறது, வண்டி நிற்கிறது, பணம் நிற்கிறது. மூன்று இடத்திலும் ஒரே ஒலி கேட்கிறது, மூன்று இடத்திலும் ஒரே காரியம் நடக்கிறது. அப்படியென்றால் சொல்லும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் போகும் வழி இது. நானோ ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவள். எட்டாம் வகுப்பில் டிக்டேஷன் நோட்டில் சி-எச்-இ-சி-கே என்று பத்து முறையும், சி-எச்-இ-கியூ-யு-இ என்று பத்து முறையும் எழுதியவள். எழுத்து வேறென்றால் சொல்லும் வேறு, அவ்வளவுதான். வங்கியில் சேர்ந்த பிறகு இது இன்னும் கெட்டிப்பட்டது. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் கியூ போட்ட செக்தான் இருக்கிறது. லெட்ஜரைச் சரிபார்க்கிற செக் அதற்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. 30 வருஷம் நான் செக்கை செக் பண்ணினேன். இரண்டும் ஒன்றாக இருக்கலாமே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தமிழில் இந்தச் சொல் எங்கே இல்லை? ஆஸ்பத்திரியில் செக்கப். பஸ்ஸில் செக்கிங். லாட்ஜில் செக்-இன். கட்டம் போட்ட லுங்கி வாங்கப் போனால் ‘செக் டிசைனா, பிளெயினா’ என்று கேட்கிறார்கள். ஒரு கட்சித் தலைவர் இன்னொருவரின் வழியை மறித்தால் மறுநாள் பேப்பரில் அவர் ‘செக் வைத்தார்’. இத்தனை இடத்தில் புழங்கும் ஒரு சொல்லை நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம்: செக். ஆங்கிலேயர்கள் எழுத்தை மாற்றிப் பிரித்து வைத்ததை நம் எழுத்து மறுபடி ஒன்றாக்கிவிட்டது. நான் மட்டும் மனசுக்குள் பிரித்தே வைத்திருந்தேன்.

ஷா!

ஓய்வு பெற்ற பிறகு பேரனைச் செஸ் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. ஒரு மாடி வீட்டு வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கிற கோச் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பெண். ஒருநாள் ஒரு சிறுவன் ஒவ்வொரு முறையும் ‘செக்! செக்!’ என்று கத்திக்கொண்டே ஆடினான். எதிரில் இருந்த பெண்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. கோச் ஆட்டத்தை நிறுத்தினாள். போட்டியில் செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது, ராஜாவைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு என்றாள். பிறகு பிள்ளைகள் சமாதானமாகட்டும் என்று ஒரு கதை மாதிரி சொன்னாள். "முன்னாடியெல்லாம் சொல்லுவாங்க. பாரசீகத்துல ராஜாவுக்கு ஷா-ன்னு பேரு. எதிராளியோட ராஜாவை அடிக்கப் போறோம்னா ‘ஷா!’ன்னு குரல் குடுப்பாங்க. உன் ராஜாவைப் பாத்துக்கோன்னு அர்த்தம். அந்த ஷாதான் செக். நீ செக்-னு கத்தும்போது ராஜா, ராஜான்னுதான் கத்துற."

பிள்ளைகள் மறுபடி ஆடப் போய்விட்டார்கள். எனக்குத் தேனிக் கவுன்டர் கண்முன் வந்தது. ராஜாவுக்கு ஆபத்து என்றால் மற்ற எல்லாம் நிற்க வேண்டும். எந்தக் காயை எங்கே நகர்த்தத் திட்டமிட்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு ராஜாவைத்தான் கவனிக்க வேண்டும். ஆட்டத்தில் அதற்கு மேல் ஒரு தடை கிடையாது. அப்படியானால் நிற்கிற தண்ணீர்? நிற்கிற வண்டி? அன்று சாயங்காலம் பேரனை வீட்டில் விட்டுவிட்டு நேராக நூலகத்துக்குப் போனேன். பெரிய ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மூடும் நேரம்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கப்புறம் பல நாள்.

அந்தப் பெண் சொன்னது சரி. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் ‘சத்ரங்’ ஆனது. அரபிகளிடம் போனபோது, அவர்கள் நாக்கில் ‘ச்ச’வும் ‘சங்கு’வில் வருகிற ‘க’வும் நிற்காததால், ‘ஷத்ரஞ்’ ஆனது. ஆட்டத்தின் பேர் இப்படி மாறிக்கொண்டே வர, ஆட்டத்துக்குள் போடுகிற கூப்பாடு தனியாகப் பயணம் செய்தது. அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன ஷா, லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் ஆனது. பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அங்கே வெள்ளமாக இறங்கின. அந்த வெள்ளத்தில் வந்ததுதான் செக். ‘செஸ்’ என்கிற பேரே அந்த எஸ்செக்கின் பன்மைதான். அதாவது ‘ராஜாக்கள்’. ஸ்பானியர்களோ ஷத்ரஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘அஹெத்ரெஸ்’ என்கிறார்கள். நம் சதுரங்கம் அதற்குள் இருக்கிறது. பிரெஞ்சில் ஒருமையில் சொன்னால் அந்தச் சொல்லுக்கு இன்று தோல்வி என்று பொருள். ரஷ்யர்கள் ஆட்டத்துக்கே ‘ஷாஹ்மத்தி’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அது நாம் சொல்லும் செக்மேட். ‘ஷா மாத்’ என்றால் ராஜா செத்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்து, வழியற்று நிற்பது. எனக்கு இதுதான் பொருந்துகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக இடமில்லாமல் நிற்கிறார், அதோடு ஆட்டம் முடிகிறது.

இன்னும் பின்னால் போனேன். மேற்கு ஈரானில் பெகிஸ்தூன் என்ற மலைப்பாறையில் கி.மு. 520ஐ ஒட்டித் தாரியுஸ் மன்னன் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே தன்னைப் பேரரசன், அரசர்களின் அரசன் என்கிறான். அதில் அரசனுக்கு வரும் பழம்பாரசீகச் சொல் ‘க்ஷாயதிய’. அது தேய்ந்துதான் ஷா. வடமொழியில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’வும் அதே வேரில் பிறந்தது. நாம் சத்திரியர் என்று எழுதுகிறோமே, அந்தச் சொல். பஸ்ஸில் டிக்கெட்டைக் கேட்டு வருகிற செக்கரும் சத்திரியரும் தூரத்து உறவு என்று அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன். "தூங்கு" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறுத்தினால்தான் பார்க்க முடியும்

ராஜாவைச் சுட்டிய கூப்பாடு தடையாக மாறிய வழி எனக்கு எளிதாகப் புரிந்தது. ஆட்டத்தில் செக் சொன்னால் எதிராளியின் திட்டம் அந்த இடத்தில் அறுபடுகிறது. அதனால் போகிற போக்கைச் சட்டென்று தடுக்கிற எதற்கும் ஆங்கிலத்தில் செக் என்று பேர் வந்தது. ஓடைக்குக் குறுக்கே கட்டினால் செக் டேம். நாம் தடுப்பணை என்று சொல்வது அச்சாக அதே பொருள்தான். ஐஸ் ஹாக்கியில் உடம்பால் எதிராளியை முட்டி நிறுத்துவதும் செக். ஆட்சியின் ஓர் அங்கம் எல்லை மீறாமல் இன்னொரு அங்கம் பிடித்துவைப்பதும் செக். பெரியவரின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு இதுவே போதும்.

தடுப்பது எப்படிச் சரிபார்ப்பது ஆனது என்பதில்தான் நான் தங்கிவிட்டேன். அகராதி சொல்வது இதுதான்: தடை, பிறகு கட்டுப்பாடு, பிறகு கட்டுப்பாட்டுக்காக ஒப்பிட்டுப் பார்ப்பது. அகராதிக்கு ஒரு வரி. எனக்கு அது 30 வருஷ வேலை. ஒரு செக் கவுன்டருக்கு வருகிறது. பணத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டால் அங்கே சரிபார்ப்பு இல்லை. முதலில் அதை நிறுத்த வேண்டும். தேதி ஆறு மாசத்தைத் தாண்டிவிட்டதா, எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒத்துப்போகிறதா, திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா, கார்டில் உள்ள கையெழுத்தில் கடைசி எழுத்து கீழே இறங்குகிறதே, இதில் ஏன் இறங்கவில்லை? (செக்கின் ஆயுள் அப்போது ஆறு மாசம். 2012 முதல் மூன்று மாசம்.) இத்தனையும் பார்க்கிற நேரமெல்லாம் பணம் நிற்கிறது, ஆளும் டோக்கனோடு நிற்கிறார். எல்லைச் சாவடியில் லாரியை நிறுத்தாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. தண்ணீரை நிறுத்தாமல் மண்ணுக்குள் இறக்க முடியாது. என் வேலைக்கு வைத்திருந்த பேருக்குள்ளேயே நிறுத்து என்று இருந்திருக்கிறது. நிற்கவைக்கப்பட்டவர் வெளியிலிருந்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நிறுத்திவைத்த எனக்குத் தெரியவில்லை.

கறுப்புத் துணி போட்ட மேசை

கட்டம் போட்ட துணிக்கு ஏன் செக் என்று பேர்? சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால். இதில் ஆச்சரியம் குறைவு. நாமும் பலகையில் இருப்பதைக் கட்டம் என்கிறோம், சட்டையில் இருப்பதையும் கட்டம் என்கிறோம், ஜாதகத்தில் இருப்பதும் கட்டம்தான். ஆனால் பலகையிலிருந்து ஆங்கிலேயர்களின் கஜானாவுக்குப் போகும் ஒரு வழி இருக்கிறது. அதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1110ஐ ஒட்டி, மன்னருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கணக்குப் பார்க்கும் அவை ஒன்று ஏற்பட்டது. நாட்டைப் பல கவுன்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெரீப். வசூலித்ததைக் கொண்டுவந்து வருஷத்துக்கு இரண்டு தவணை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளை ஒட்டியும், அவர் கணக்கொப்பிக்க வேண்டும். அந்த அவையில் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் இறுதியில் அங்கே நடப்பதையெல்லாம் லத்தீனில் ஓர் உரையாடலாக எழுதிவைத்தார். அவர் வர்ணிக்கும் மேசை கண்ணுக்குள் நிற்கிறது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம். வைத்தது கீழே விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. மேலே ஒரு கறுப்புத் துணி. துணியில் ஓர் அடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவிலுள்ள பத்திகளில் சில்லுகளை வைத்து நகர்த்திக் கணக்குப் போடுவார்கள். பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று ஆயிரங்கள்வரை. அன்றைக்கு அவர்களிடம் இருந்தவை ரோமன் எண்கள். அவற்றை எழுதிவைக்கலாம், கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் துணியே கணக்குப் பலகை.

பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்த மேசைக்கும், பிறகு அந்த அவைக்கும், பலகையின் பேரே வந்தது. லத்தீனில் ‘ஸ்கக்காரியும்’, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றுவரை எக்ஸ்செக்கரின் சான்சலர் என்றுதான் பதவிப்பேர். ஃபிட்ஸ்நீல் ஒரு படி மேலே போகிறார். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் போரிடுவது போல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரீப்பும் போரிடுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்பிடுகிறார்கள் என்கிறார். ஆடிட் நாளில் எங்கள் கிளை எப்படி இருக்கும் என்று வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அதை எழுதிவிட்டார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கவுன்டர் என்று பேர் வந்ததும் இப்படிப்பட்ட எண்ணும் மேசையால்தான். அந்தச் சில்லுக்கும் கவுன்டர் என்றே பேர்.

அடிக்கட்டை

ஷெரீப் பணம் கட்டினால் ரசீது வேண்டுமே. அவருக்குக் கிடைத்தது ஒரு குச்சி. ஹேசல் மரக் குச்சியில் தொகைக்கு ஏற்ற வெட்டுகளைப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் பருமன். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. பிறகு வெட்டுகள் இரண்டு பக்கமும் விழும்படி குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு. அதற்கு ‘ஸ்டாக்’ என்று பேர், கட்டை என்று பொருள். குட்டையான பாதி கஜானாவில் இருக்கும். அதற்கு ‘ஃபாயில்’. பின்னால் சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மரத்தின் ரேகையும் வெட்டும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவரும் தொட்டுப்பார்த்து உறுதிசெய்யக்கூடிய ரசீது இது. 1826 வரை இந்தக் குச்சிகள் புழக்கத்தில் இருந்தன. 1834ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி, வேண்டாத குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோது புகைபோக்கிகள் வழியே தீ பரவி, நாடாளுமன்றக் கட்டடமே ஏறக்குறைய முழுசாக எரிந்துபோனது.

செக் புத்தகத்தில் கிழித்த பிறகு தங்குகிற பகுதிக்கு ஆங்கிலத்தில் கவுன்டர்ஃபாயில். அதில் இந்த ஃபாயில் இருக்கிறது. எங்கள் கிளையில் அதைத் தமிழில் அடிக்கட்டை என்போம். வெட்டிய மரத்தில் நிலத்தோடு மிஞ்சி நிற்பதற்கும் நமக்கு அதுதான் பேர். ஹேசல் குச்சியைக் கேள்விப்பட்டு யாரும் இந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்கள். போனது போக நின்றது கட்டை, அந்த அளவில்தான் யோசித்திருப்பார்கள். ஆனாலும் இரண்டு ஊரிலும் பணத்துக்குச் சாட்சியாக ஒரு கட்டை நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

முக்கியமான விஷயம் இதற்கடுத்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் செக் என்றால் பணம் கேட்டு நீட்டும் தாளே இல்லை. அந்த அடிக்கட்டைதான் செக். கள்ளத் தாள் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துத் தடுப்பதற்காக வைத்துக்கொண்ட துண்டு. மோசடிக்குச் செக். பிறகு அந்த ஏற்பாட்டோடு அச்சான தாள் முழுவதுக்கும் அந்தப் பேர் பரவியது. எழுத்து அப்போதும் சி-கே தான். எக்ஸ்செக்கரின் சாயலில் கியூ போட்டு எழுதுவது பின்னால் வந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் நிலைத்தது. அமெரிக்கர்கள் இன்றும் பழைய மாதிரியே எழுதுகிறார்கள். அதாவது ‘ஸ்பெல்லிங்கே வேற’ என்று நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அந்த ஸ்பெல்லிங் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் நீட்டிய ஆதாரம் அவர் சொன்னதற்கு வலுச்சேர்க்கிற ஆதாரம்.

ஓய்வு பெற்ற நண்பர்கள் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: அரபியில் ‘ஸக்’ என்று எழுத்து வடிவிலான பணமுறி இருந்தது, செக் அதிலிருந்து வந்தது என்று. அப்படி ஒரு முறி இருந்தது உண்மை. லண்டன் வங்கிகளுக்கு மிக முன்னால் அரபு வணிகர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் ஆங்கிலத் தாள்களில் இந்தச் சொல் முதலில் அடிக்கட்டையைக் குறித்துத்தான் வருகிறது, பணமுறி என்ற பொருள் பிறகு. நான் தாள்களின் பக்கம் நிற்கிறேன்.

ஒலி ஒன்றென்றால் சொல்லும் ஒன்று என்று எல்லா இடத்திலும் சொல்லிவிடவும் முடியாது. நம் காசு ஒரு நல்ல சாட்சி. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டிக்கான பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக 1803லும் 1808லும் அடித்த செப்புக் காசுகளிலும் 10 கேஷ், 20 கேஷ் என்று இருக்கிறது. அந்தக் கேஷ் நம் காசு, போர்ச்சுக்கீசியர் நாவில் புரண்டு போனது. ஒரே எழுத்து, ஒரே ஒலி, இரண்டு பிறப்பு. கேஷ் கவுன்டரில் யாராவது அதைக் கேட்டிருந்தால் ரெண்டும் ஒன்று என்று அடித்துச் சொல்லியிருப்பேன். காசோலை என்று நாம் சொல்கிறபோது அந்தக் காசும் வருகிறது, ஓலையும் வருகிறது. செக் புத்தகத்தில் ஒவ்வொரு தாளையும் ‘லீஃப்’ என்கிறோம். ஃபாயில் என்றாலும் பிரெஞ்சில் இலைதான். ஓலையில் கணக்கு எழுதியவர்களுக்கு இந்தப் பேரை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

இதையெல்லாம் பேரனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். "அப்ப செக்கெண்ணெய், பாட்டி?" என்றான் ஒருநாள். ‘அது வேற’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்த்தேன். அது வேறுதான். ஷா என்ற கூப்பாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எண்ணெய் ஆட்டும் செக்குக்கு வரி வாங்கியிருக்கிறார்கள் சோழர்கள், கல்வெட்டுகளில் செக்கிறை என்று வருகிறது. அதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அங்கயும் ராஜாவா?"

இப்போது அந்தக் கிளையில் பித்தளை டோக்கன் கிடையாது. செக்கின் தாள் ஊர்விட்டு ஊர் போவதும் இல்லை. சென்னையில் 2011லேயே படம் எடுத்து அனுப்பித் தீர்க்கும் முறை வந்துவிட்டது, பிறகு எல்லா ஊருக்கும் வந்தது. மூன்று வாரம் யாரும் நிற்க வேண்டாம். பெரியவருக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். ஒருமுறை பேத்தியைக் கூட்டிவந்து மைனர் கணக்கு ஆரம்பித்தார். இரட்டைப் பின்னல், ஏழு வயசு இருக்கும், கவுன்டர் அவளுக்கு எட்டவில்லை. பாஸ்புக்கில் தன் பேரைத் தானே எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாள். இன்று முப்பதைக் கடந்திருப்பாள். இது அவள் கண்ணில் பட்டால் தாத்தாவிடம், அல்லது தாத்தாவைத் தெரிந்தவர்களிடம், சொல்லட்டும். அவர் கேட்ட கேள்விக்குப் பேங்க் அம்மா சொன்ன பதில் தப்பு. மேற்கே ஓடையில் நின்ற தண்ணீரும், சாவடியில் நின்ற வண்டியும், என்னிடம் நின்ற அவர் கரும்புப் பணமும் ஒரே செக்குதான், அய்யா.